"இவனுக்குக் கொஞ்சம் கவுன்சிலிங் குடுங்க மேடம்": பிள்ளையை ஆலோசகரிடம் அனுப்புவது எப்படி?

திருப்பூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் 11 வருடமாக ஆலோசகராக இருக்கிறேன். என் அறை வாசலில் அதிகம் கேட்கும் பேச்சு இதுதான்: "இவனுக்குக் கொஞ்சம் கவுன்சிலிங் குடுங்க மேடம்." சொல்பவரின் கை பையன் தோளில் இருக்கும். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். நான் நாலு நல்ல வார்த்தை சொன்னால் அவன் மாறிவிடுவான் என்று நம்பித்தான் கூட்டி வருகிறார்கள். நல்ல வார்த்தைக்கு அவனுக்குப் பஞ்சமே இல்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்திலிருந்து ராத்திரி சோற்றுத் தட்டு வரைக்கும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறான். அவன் வாயைத் திறக்க ஓர் இடம் வேண்டும், என் அறை அதற்குத்தான்.

பிள்ளையை எப்படி அனுப்பி வைக்கிறோம் என்பதிலேயே பாதி காரியம் அடங்கியிருக்கிறது. வகுப்பாசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு துண்டுச் சீட்டு

'திமிர்', 'சோம்பேறி', 'வீடு சரியில்லை' என்று எழுதாதீர்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். எந்த நாள், எந்தப் பாடவேளை, எத்தனை தடவை.

ஒருமுறை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனை அனுப்பிய ஆசிரியை இப்படி எழுதியிருந்தார்: "மூன்று வாரமாக முதல் இரண்டு பாடவேளையும் தூங்குகிறான். திங்கட்கிழமை மட்டும் தூங்குவதில்லை." அந்த இரண்டாவது வரிக்கு அவருக்கு இன்றும் நன்றி சொல்வேன். பையன் வந்து உட்கார்ந்து கால் மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. நாற்காலிக் கையில் கிழிந்திருந்த ரெக்சினை விரலால் நீவிக்கொண்டே இருந்தான். ஏன் தூங்குகிறாய் என்று நான் கேட்கவில்லை. அதை எல்லோரும் கேட்டாகிவிட்டது. "ஞாயித்துக்கிழமை ராத்திரி மட்டும் வீட்டுல என்ன கண்ணு வேற மாதிரி இருக்கும்?" என்றேன்.

"அம்மா இருப்பாங்க."

"மத்த நாளு?"

"ரெண்டு ஷிப்ட்டுங்க மேடம். வர்றப்ப ஒரு மணி ஆயிரும். தாழ்ப்பாள் விழாதுங்க. நான் கதவுல சாஞ்சு ஒக்காந்துக்குவேன். பாப்பா தூங்கும்."

அவனுக்கு 12 வயது, பாப்பாவுக்கு நாலு. அப்பா தேனிப் பக்கம் ஊரிலேயே தங்கிவிட்டார். பனியன் கம்பெனியில் அவசர ஆர்டர் ஓடிக்கொண்டிருந்த மாதம் அது. 'சோம்பேறி' என்று சீட்டில் எழுதியிருந்தால் தாழ்ப்பாள் வரைக்கும் நான் போயே இருக்க மாட்டேன்.

பிள்ளையிடம் என்ன சொல்லி அனுப்புவது

வகுப்பு நடுவே பேர் சொல்லிக் கூப்பிட்டு அனுப்பாதீர்கள். திரும்பி வரும்போது அவனுக்கு 'மெண்டல்' என்று பட்டப்பேர் தயாராக இருக்கும். இடைவேளையில் தனியாக அழைத்து, "நீ கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கற கண்ணு. மேடத்துக்கிட்ட பேசிப் பாக்கறயா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அடுத்த வாரம் இன்னொரு தடவை கேட்கலாம். தண்டனைக்குப் பதிலாக அனுப்புவது மட்டும் கூடவே கூடாது. அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடுக்கிறது. பிரம்பை வைத்துவிட்ட இடத்தில் என் அறையைக் கொண்டுவந்து நிறுத்தினால், பிள்ளைகள் அதையும் பிரம்பாகத்தான் பார்ப்பார்கள்.

திரும்பி வந்ததும் விசாரிக்காதீர்கள்

"உள்ள என்ன சொன்ன? என்னப் பத்திச் சொன்னயா?" என்று வாசலிலேயே கேட்கும் பெற்றோர் உண்டு. பயம்தான், புரிகிறது. ஆனாலும் கேட்காதீர்கள். சாப்பாடு போடுங்கள். அவனே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி நம்பிச் சொன்னதை, நல்லது என்று நினைத்து அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலமே அவள் பை, நோட்டு எல்லாம் சோதனை ஆனது. அதற்குப் பிறகு அவள் என் அறைப் பக்கம் வரவில்லை. மாடிப்படியில் எதிரே பார்த்தால் சுவரோரமாக ஒதுங்கிப் போவாள். இப்போதெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: "நீ சொல்றது எனக்குள்ளயே இருக்கும். உன் உயிருக்கு ஆபத்துன்னாலும், இன்னொருத்தருக்கு ஆபத்துன்னாலும், யாராவது உன்னத் தப்பா தொட்டாலும் மட்டும் நான் சொல்லித்தான் ஆகணும். அப்பவும் உங்கிட்டச் சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்."

காத்திருக்கக் கூடாத இரண்டு விஷயங்கள்

ஒன்று, பாலியல் தொல்லை. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அப்படி நடந்திருக்கிறது என்று தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். ஆசிரியர், தலைமையாசிரியர், ஆலோசகர் யாருக்கும் விலக்கில்லை. மறைத்தால் அது தனிக் குற்றம். "பள்ளிப் பேரு கெட்டுரும், பேசித் தீத்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். ஒருமுறை கேட்டு, அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு, காவல்துறைக்குச் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

இன்னொன்று, சாகவேண்டும் என்ற பேச்சு. "சும்மா மிரட்டுறா" என்று தள்ளிவிடாதீர்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படி ஆவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப் போயிரலாம்னு தோணுதா கண்ணு?" என்று நேராகவே கேளுங்கள். ஆமாம் என்றால் பதறாதீர்கள், திட்டாதீர்கள், தனியாக விடாதீர்கள். வீட்டில் மாத்திரை, பூச்சிமருந்து இருந்தால் அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். ராத்திரி எந்நேரமானாலும் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவு வரும் வாரம் எனக்கு ஒவ்வொரு வருடமும் வயிற்றைக் கலக்கும். முடிவு வருவதற்கு முந்தின நாளே, "போச்சுன்னா துணைத்தேர்வு இருக்கு, அதே வருஷம் மேல படிக்கலாம்" என்று வீட்டில் வாய்விட்டுச் சொல்லி வையுங்கள். மனசுக்குள் நினைத்திருந்தால் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

வீடும் தெருவும்

பெற்றோரை வரச்சொன்னால், சம்பளம் போகும் என்ற பயத்தில்தான் பலர் வராமல் இருக்கிறார்கள். அதனால் நான் வேலை நாளில் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். ஞாயிறு காலை பத்து நிமிடம் போனில் பேசுவேன். அம்மா அப்பா வர முடியாவிட்டால் பாட்டி வரட்டும். பிள்ளை எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறது என்பது பாட்டிக்குத்தான் தெரியும்.

ஆலோசகர் மாத்திரை தரமாட்டார். பல வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடில்லை, யாரோ பேசுவது போல் காதில் கேட்கிறது என்றால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். அவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலம் படித்தவர். மாவட்ட அரசு மருத்துவமனையில் பார்க்கலாம். கோயிலுக்குப் போய் மந்திரித்துக் கட்டிய கயிறு கையில் இருந்தால் இருக்கட்டும், அதை அவிழ்த்தால்தான் வைத்தியம் என்று யாரிடமும் நான் சொன்னதில்லை.

எல்லாப் பள்ளியிலும் ஆலோசகர் கிடையாது. உங்கள் பள்ளியில் இல்லையென்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-ஐ அழைக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஆலோசகர் வேண்டும் என்று கேட்டு, தீர்மானமாக எழுத வையுங்கள்.

அந்தப் பையன் விஷயத்தில், "அம்மாகிட்டச் சொல்லட்டுமா?" என்று அவனிடம் முதலில் கேட்டேன். "தாழ்ப்பாள் மட்டும் சொல்லுங்க. நான் தூங்காததச் சொல்லாதீங்க, அழுவாங்க" என்றான். அப்படியே செய்தேன். லைன் வீட்டு முதல் வீட்டுக்கார அக்காவிடம் அவன் அம்மாவே பேசினார். அவர் இரண்டு பிள்ளைகளையும் சாப்பாட்டுக்குப் பிறகு தன் வீட்டில் படுக்க வைத்துக்கொண்டார். "தலகாணி மட்டும் கொண்டு வரச் சொல்லுங்க" என்று அவர் போட்டது ஒரே நிபந்தனை. சனிக்கிழமை சம்பளத்தில் புதுத் தாழ்ப்பாளும் வந்தது.

மூன்று வாரம் கழித்து அந்த ஆசிரியை மறுபடி ஒரு சீட்டு அனுப்பினார். "புதன்கிழமை முதல் பாடவேளையில் பக்கத்துப் பையனுடன் சண்டை. முழித்திருந்தான்."