ஷேர்பாயின்ட் ஒர்க்ஃப்ளோ மேனேஜர் பராமரிப்பு: கீழிருந்து மேலே பாருங்கள்

சொந்த சர்வரில் ஓடும் ஷேர்பாயின்ட் (நிறுவனங்கள் கோப்புகளையும் பணிகளையும் பகிரும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) 2013, 2016, 2019 மூன்றிலும் "2013 வகை" ஒர்க்ஃப்ளோக்களை (விண்ணப்பம், ஒப்புதல் போன்ற தானியங்கிப் பணி ஓட்டங்களை) ஷேர்பாயின்ட் நேரடியாக ஓட்டுவதில்லை. ஒர்க்ஃப்ளோ மேனேஜர் என்ற தனி மென்பொருள் ஓட்டுகிறது. அதற்கும் அடியில் செய்திகளைக் கடத்தும் சர்வீஸ் பஸ் இருக்கிறது. விடுப்பு விண்ணப்பம் பாதியில் நின்றால் பலரும் முதலில் ஐஐஎஸ்-ஐ (விண்டோஸின் வெப் சர்வர்) ரீஸ்டார்ட் செய்வார்கள். பெரும்பாலும் வீண்வேலை.

படி 1: ஒர்க்ஃப்ளோ மேனேஜர் இருக்கும் சர்வரில் விண்டோஸ் சர்வீஸ் பட்டியலைத் திறங்கள். விண்டோஸ் ஃபேப்ரிக் ஹோஸ்ட், சர்வீஸ் பஸ் கேட்வே, சர்வீஸ் பஸ் மெசேஜ் புரோக்கர், ஒர்க்ஃப்ளோ மேனேஜர் பேக்எண்ட் நான்கும் "ரன்னிங்" நிலையில் இருக்க வேண்டும். மெசேஜ் புரோக்கர் "ஸ்டார்ட்டிங்"கிலேயே தொங்கினால் அதைத் திரும்பத் திரும்ப நிறுத்தித் தொடங்காதீர்கள். எஸ்கியூஎல் சர்வர் (டேட்டாபேஸ் சர்வர்) எட்டுகிறதா, பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள்.

படி 2: அதே சர்வரின் பிரவுசரில், நிர்வாகக் கணக்கில் நுழைந்து, 12290 போர்ட்டின் முகவரியைத் திறங்கள் (எச்டிடிபிஎஸ், வெறும் எச்டிடிபி என்றால் 12291). எக்ஸ்எம்எல் பக்கம் வந்தால் சேவை உயிரோடு இருக்கிறது. ஷேர்பாயின்ட் சர்வரிலிருந்தும் இதையே செய்யுங்கள்; அங்கே மட்டும் திறக்கவில்லை என்றால் ஃபயர்வாலைச் சோதியுங்கள்.

படி 3: சான்றிதழ். அதிகம் பேரைக் கவிழ்ப்பது இதுதான். நிறுவும்போது தானாக உருவான சான்றிதழை யாரும் நினைவில் வைப்பதில்லை. காலாவதியான பிறகு நடக்கும் அடுத்த ரீஸ்டார்ட்டில் மொத்தமும் படுத்துவிடும். லோக்கல் கம்ப்யூட்டர் சான்றிதழ் பட்டியலில் தேதியைப் பார்த்து, ஒரு மாதம் முன்பே நாட்காட்டியில் குறித்துவையுங்கள். புதிய சான்றிதழ் போட்டதும், அதன் ரூட்டை (மூலச் சான்றிதழை) சென்ட்ரல் அட்மினிஸ்ட்ரேஷனில் (ஷேர்பாயின்ட் நிர்வாகத் தளம்) "மேனேஜ் டிரஸ்ட்" பகுதியில் சேர்த்து, "ரெஃப்ரெஷ் டிரஸ்டட் செக்யூரிட்டி டோக்கன் சர்வீசஸ் மெட்டாடேட்டா ஃபீட்" டைமர் ஜாபைக் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் பணி) கையால் ஓட்டுங்கள்.

படி 4: எல்லாம் சரி, ஒருவருக்கு மட்டும் ஓடவில்லையா? அவருடைய யூசர் புரொஃபைலில் யூபிஎன் (மின்னஞ்சல் வடிவிலான லாகின் பெயர்) இருக்கிறதா பாருங்கள். சிஸ்டம் அக்கவுன்ட்டில் சோதித்து ஏமாறாதீர்கள். அந்தக் கணக்கில் இவ்வகை ஒர்க்ஃப்ளோ தொடங்காது.

படி 5: டேட்டாபேஸ்கள் ஆறு: ஒர்க்ஃப்ளோவுக்கு மூன்று, சர்வீஸ் பஸ்ஸுக்கு மூன்று. பேக்கப்பை ஒரே நேரத்தில் எடுங்கள்; நேரம் பிசகினால் செய்தி ஒரு பக்கமும் நிலை ஒரு பக்கமும் நிற்கும். சர்வீஸ் பஸ் நேம்ஸ்பேஸின் சிமெட்ரிக் கீயையும் சான்றிதழ் உருவாக்கும் கீயையும் தனியே பத்திரப்படுத்துங்கள். முதலாவது மீட்டெடுக்கும்போது தேவை, இரண்டாவது புது சர்வரைச் சேர்க்கும்போது.

ஒர்க்ஃப்ளோ மேனேஜருக்குச் சர்வர் சேர்ப்பதென்றால் ஒன்றிலிருந்து நேராக மூன்றுக்குப் போங்கள். இரண்டு சர்வர் அமைப்புக்கு ஆதரவு கிடையாது.