பேட்டரி மாற்றியும் சார்ஜ் நிற்கவில்லையா? மூன்று ராத்திரி பொறுங்கள்

கடலூர் முதுநகரில் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "அண்ணே, புது பேட்டரி போட்டும் மத்தியானத்துக்குள்ள செத்துடுது" என்று வந்தால், போட்டு எத்தனை நாள் ஆச்சு என்றுதான் முதலில் கேட்பேன். போன் காட்டும் சதவீதம் ஒரு கணக்குதான். அது பழைய பேட்டரியோடு பழகிய கணக்கு. புதியது பிடிபட நாலைந்து சார்ஜாவது ஆகும். அதுவரை 40 காட்டும்போதே அணையும், 1-ல் அரை மணி நேரம் ஓடும். ஒரே ஒரு முறை தானாக அணையும்வரை ஓட்டிவிட்டு, அணைந்தபடியே நூறு வரை ஏற்றுங்கள். வாராவாரம் செய்யாதீர்கள், லித்தியம் பேட்டரிக்கு முழுசாக வடிவது ஆகாது.

அப்படியும் சரியாகவில்லையா? முதல் ராத்திரி நூறு ஏற்றி, ஸ்விட்ச் ஆஃப் செய்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் ஒன்றிரண்டு குறைந்திருந்தால் பரவாயில்லை. பத்து, பதினைந்து போயிருந்தால் கோளாறு பேட்டரியிலோ போர்டிலோ இருக்கிறது, ஆப்களைத் திட்டிப் பயனில்லை. இரண்டாம் ராத்திரி ஏரோப்ளேன் மோடு. அதிலும் மளமளவென்று இறங்கினால் ஏதோ ஒரு ஆப் தூங்காமல் ஓடுகிறது. செட்டிங்ஸில் பேட்டரி பகுதியைத் திறந்தால் எது என்று பெயரோடு காட்டும். மூன்றாம் ராத்திரி வழக்கம்போல் வையுங்கள். அன்றைக்கு மட்டும் இறங்கினால் சிக்னல், நெட் பக்கம் பாருங்கள்.

சிங்காரத்தோப்புத் தம்பி ஒருவன் வேறெங்கோ இரண்டு முறை பேட்டரி மாற்றிவிட்டு என்னிடம் வந்தான். வீட்டில் வைத்து மூன்று ராத்திரியும் பார்த்தோம், ஒரு குறையும் இல்லை. படகேறினால்தான் தீர்ந்துவிடும். கரையை விட்டு விலக விலக, டவரைத் தேடித் தேடி போன் முழு பலத்தில் கத்திக்கொண்டிருக்கும். பேட்டரி என்ன செய்யும், பாவம்! படகில் பேசுவதற்கு வயர்லெஸ் செட் இருந்ததால், சிக்னல் போனதும் ஏரோப்ளேன் மோடில் போடச் சொன்னேன். அடுத்த வாரம் ஒரு கூறு சங்கரா மீன் வந்தது. அதற்கு பில் போடவில்லை.

நம் ஊர் உப்புக்காற்று வேறு கதை. முதல் ராத்திரி சோதனையில் தோற்ற போனைத் திறந்தால், பேட்டரி கனெக்டர் ஓரத்தில் பச்சையாகப் பாசி மாதிரி பூத்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அந்த வழியாக போன் அணைந்திருக்கும்போதும் கரண்ட் கசியும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுவேன். பாதிப் போன்கள் அதிலேயே சரியாகிவிடும்.

அப்புறம் டம்மி பேட்டரி. லேபிளில் கொள்ளளவு 5000 எம்ஏஎச் என்று அச்சடிக்க என்ன செலவு? மாற்றும்போதே பழைய பேட்டரியைக் கேட்டு வாங்கி, இரண்டையும் சின்ன எலக்ட்ரானிக் தராசில் வையுங்கள். அளவு ஒன்றாக இருந்தும் புதியது கணிசமாக லேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். சரக்கு இல்லாமல் சார்ஜ் எங்கே தங்கும்? சார்ஜருக்கும் வயருக்கும் நடுவே, ஏறும் மின்சாரத்தை அளக்கும் யுஎஸ்பி மீட்டர் மாட்டினால் இன்னும் தெளிவு. 5000 எம்ஏஎச், 3.85 வோல்ட் என்றால் சுமார் 19 வாட்அவர். காலியிலிருந்து நிறைய, மீட்டரில் அதைவிடச் சற்றுக் கூடுதலாக ஏற வேண்டும். 12 வாட்அவரிலேயே நிறைந்துவிட்டால் மீட்டரைப் படம் பிடித்துக்கொண்டு வாங்கிய கடைக்குப் போங்கள்.

பின்மூடி லேசாகத் தூக்கினாலோ டிஸ்பிளே உப்பினாலோ இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். சார்ஜ் போடாமல், அமுக்காமல், கத்தியால் நெம்பாமல் கடைக்குக் கொண்டுவாருங்கள். அப்படி வந்தவற்றை மணல் நிரப்பிய பழைய பெயின்ட் டப்பாவில் போட்டு வாசலுக்கு வெளியே வைத்திருக்கிறேன். ஒரு நாள் மழைக்கு வீட்டுக்குள் எடுத்துப்போனேன், என் மனைவி என்னையும் சேர்த்து வெளியே நிறுத்திவிட்டாள்.