மோடம் இல்லாமலே பிபிஎஸ்க்குள்ள போறது எப்படி

பழைய டெக்ஸ்ட் இன்டர்நெட்டை மிஸ் பண்றேன்னு சொல்ற நிறைய பேருக்கு அது இன்னும் உயிரோட இருக்குறதே தெரியல. பிபிஎஸ்னா புல்லட்டின் போர்டு சிஸ்டம், ஒருத்தர் தன் கம்ப்யூட்டர்ல நடத்த, மத்தவங்க போன் லைன் வழியா உள்ள வந்து மெசேஜ் எழுதி கேம் ஆடின இடம். இப்ப அதுக்குப் போக போன் லைன் வேணாம், மோடம் வேணாம், கையில இருக்குற லேப்டாப்பே போதும், இன்னைக்கு ராத்திரியே உள்ள போயிடலாம்.

முதல்ல எழுத்தை மட்டும் காட்டுற வெப் பிரவுசரை முடிச்சிடுவோம். லிங்க்ஸ், ஸ்பெல்லிங் எல் ஒய் என் எக்ஸ் (நடுவுல ஐ போட்டு வேற ஒரு பிரவுசரும் இருக்கு, மாத்தி இன்ஸ்டால் பண்ணிடாதீங்க). 1992ல அமெரிக்காவுல கான்சாஸ் யுனிவர்சிட்டில பிறந்தது. நம்ம ஊர்ல 1995 ஆகஸ்ட் 15 விஎஸ்என்எல் நெட் விட்டப்போ ஷெல் அக்கவுண்ட் (வெறும் எழுத்துத் திரையில கட்டளை டைப் பண்ற கணக்கு) எடுத்தவங்களுக்கு படம்னு ஒண்ணே கிடையாது, வெப்புக்கு லிங்க்ஸ், மெயிலுக்கு பைன், அவ்ளோதான். லிங்க்ஸை இன்ஸ்டால் பண்ண உபுண்டுன்னா ஆப்ட்ல கிடைக்கும், மேக்னா ஹோம்புரூ, ஆண்ட்ராய்டு போன்னா டெர்மக்ஸ்ங்கிற டெர்மினல் (கட்டளை டைப் பண்ற எழுத்துத் திரை) ஆப் போட்டு அதுக்குள்ள.

மவுஸை மறந்துடுங்க. கீழ் அம்பு அடுத்த லிங்குக்கு போகும், வலது அம்பு அதைத் திறக்கும், இடது அம்பு பழைய பக்கத்துக்கு கூட்டிட்டு வரும், ஜி அழுத்தினா அட்ரஸ் கேக்கும், கியூ போட்டா வெளிய. குக்கி வேணுமான்னு ஒவ்வொரு தடவையும் உங்ககிட்டயே கேக்கும், எனக்கு அந்த மரியாதை ரொம்ப பிடிக்கும். விக்கிபீடியா மாதிரி எழுத்தை நம்பி இருக்குற தளங்கள் அருமையா வரும், ஜாவாஸ்கிரிப்ட்லயே ஓடுறதெல்லாம் வெறும் பக்கமா நிக்கும். தமிழ் படிக்கணும்னா ஓ அழுத்தி ஆப்ஷன்ஸ்ல டிஸ்ப்ளே கேரக்டர் செட்டை யுடிஎஃப்-8க்கு மாத்துங்க, அப்பவும் பல டெர்மினல்ல கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம்னு சிதறும், அது டெர்மினலோட குறை, லிங்க்ஸை திட்டாதீங்க.

இப்ப பிபிஎஸ். 1978 ஜனவரில சிகாகோல பனிப்புயல் வந்து ஊரே முடங்கினப்போ வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் சேர்ந்து முதல் பிபிஎஸ்ஸை கட்ட ஆரம்பிச்சு பிப்ரவரி 16 திறந்துவிட்டாங்க, ஒரே ஒரு போன் லைன், ஒருத்தர் உள்ள இருந்தா மத்தவங்களுக்கு எங்கேஜ்டு டோன்தான். அடுத்தவங்களுக்கும் லைன் கிடைக்கணுமேன்னுதான் பின்னாடி வந்த பிபிஎஸ்கள்ல ஆளுக்கு இவ்ளோ நிமிஷம்னு கணக்கு வச்சாங்க, கேம்லயும் ஒரு நாளைக்கு இத்தனை ஆட்டம்தான்னு நிறுத்தினாங்க. லெஜண்ட் ஆஃப் தி ரெட் டிராகன் ஆடிப் பாருங்க புரியும், இன்னைக்கு சண்டை முடிஞ்சதா, நாளைக்கு வா.

பிபிஎஸ்க்குள்ள போக புட்டிங்கிற டெர்மினல் சாஃப்ட்வேரை வச்சு மல்லுக்கட்டாதீங்க, பெரும்பாலான போர்டுங்க (பிபிஎஸ்ஸைத்தான் சுருக்கமா போர்டுன்னு சொல்றது) பழைய டாஸ் கேரக்டர் செட்டுலதான் படம் வரைஞ்சிருக்கும், அது கோணல்மாணலா வரும். சிங்க்டெர்ம்னு ஃப்ரீ சாஃப்ட்வேர், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். அதுல புது என்ட்ரி போட்டு, டெல்நெட் (வேற கம்ப்யூட்டரோட எழுத்துத் திரைக்கு நெட் வழியா இணைக்குற பழைய முறை) தேர்ந்தெடுத்து, அட்ரஸ்ல வெர்ட் டாட் சிங்க்ரோ டாட் நெட்னு இங்கிலீஷ்ல டைப் பண்ணுங்க (வி இ ஆர் டி, அப்புறம் எஸ் ஒய் என் சி ஹெச் ஆர் ஓ). இது வெர்ட்ராவென், சிங்க்ரோநெட் பிபிஎஸ் சாஃப்ட்வேரை எழுதின ராப் ஸ்விண்டெல் நடத்துற போர்டு. லாகின் கேக்குற இடத்துல நியூன்னு அடிச்சா பேர் ஊர் எல்லாம் கேட்டு அக்கவுண்ட் போட்டுக் குடுக்கும். ஒண்ணு மட்டும் கண்டிப்பா கவனிங்க: டெல்நெட்ல போறது எதுவும் என்கிரிப்ட் ஆகாது, பாஸ்வேர்டு நடுவுல எவன் வேணா படிக்கலாம், அதனால வேற எங்கயும் யூஸ் பண்ணாத ஒரு புது பாஸ்வேர்டு வைங்க.

உள்ள போனதும் ஆன்சி படங்க (கலர் எழுத்துகளையும் குறிகளையும் அடுக்கி வரைஞ்சது) கண்ணு முன்னாடி வரிவரியா வரையுறதைப் பாக்கணும்னா வேகத்தைக் குறைங்க, சிங்க்டெர்ம்லயே அதுக்கு செட்டிங் இருக்கு. பழைய மோடம் வேகமான 2400ல (செகண்டுக்கு 2400 பிட்) வச்சா செகண்டுக்கு சுமாரா 240 எழுத்து, 80க்கு 25 ஸ்கிரீன் நிறைய எட்டு செகண்டுக்கு மேல ஆகும். 300ல வச்சா ஒரு நிமிஷத்துக்கு மேல, அந்த காலத்துல ஆளுங்க அப்படித்தான் உக்காந்து படிச்சாங்க.

படத்தைப் பாத்துட்டு கிளம்பிடாதீங்க, மெசேஜ் ஏரியாதான் முக்கியம். 1984ல டாம் ஜென்னிங்ஸ் ஆரம்பிச்ச ஃபிடோநெட்ல போர்டுங்க ராத்திரில கால் ரேட் குறைஞ்சதும் ஒண்ணுக்கொண்ணு போன் போட்டு மெசேஜ் மாத்திக்கும், அது இன்னைக்கும் ஓடுது, இப்ப பெரும்பாலும் இன்டர்நெட் வழியா. பல போர்டுல யாராவது வந்து நாலு வரி எழுத மாட்டாங்களான்னு சிஸ்ஆப் (போர்டை நடத்துறவர்) காத்திருக்காரு, ஹலோ சொல்லி எந்த ஊர்லேர்ந்து வர்றீங்கன்னு எழுதுங்க. பதில் உடனே வராது, ரெண்டு நாள் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம், திரும்ப லாகின் பண்ணி பாருங்க. வெளிய வரும்போது விண்டோவை படக்குன்னு மூடாம மெனுல லாக்ஆஃப் குடுத்துட்டு வாங்க.