போல் பார்ன் கராஜ்: பில்டரைத் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிச்சிகனிலும் ஒஹாயோவிலும் நகரத்தை விட்டுத் தள்ளி, ஓரிரு ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கிய நம்மவர்கள் பலருக்கும் முதல் குளிர்காலம் முடிவதற்குள் ஒரு தேவை தெரிந்துவிடுகிறது. புல்வெட்டும் டிராக்டர், பனி அள்ளும் இயந்திரம், பிள்ளைகளின் சைக்கிள்கள், மூன்றாவது கார் என்று எல்லாவற்றுக்கும் வீட்டோடு ஒட்டிய கராஜில் இடம் போதாது. அக்கம்பக்கத்தில் எஃகுத் தகட்டுக் கூரையும் சுவருமாக நிற்கும் போல் பார்ன்கள் கண்ணில் படும். விசாரித்தால், செங்கல்லும் அஸ்திவாரமும் வைத்துக் கட்டுவதைவிடச் செலவு குறைவு என்பார்கள். அது உண்மைதான். ஏன் குறைவு என்று தெரிந்துகொண்டால், பில்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

இந்த வகைக் கட்டடத்துக்குத் தொடர்ச்சியான அஸ்திவாரச் சுவர் கிடையாது. பெரும்பாலும் எட்டடிக்கு ஒன்றாக மரத்தூண்களை மண்ணில் இறக்கி, அவற்றின் தலையில் கூரையைத் தாங்கும் முக்கோண மரச் சட்டகங்களான டிரஸ்களை ஏற்றி, குறுக்குச் சட்டங்களின் மேல் தகடு அடிப்பார்கள். 1930களில் ஹோவர்ட் டோன், பெர்னன் பெர்கின்ஸ் ஆகிய இருவர் பண்ணைக் கட்டடங்களுக்காக உருவாக்கிய முறை இது. கூரையின் எடை, பனியின் எடை, காற்றின் தள்ளுவிசை எல்லாம் அந்தத் தூண்களின் அடிப்பகுதிக்கே வந்து சேர்கின்றன. அந்த அடிப்பகுதியோ, வேலை தொடங்கிய ஓரிரு நாளில் மண்ணுக்குள் மறைந்துவிடும். அதனால் தகட்டின் நிறத்தையும் கதவின் அழகையும் பேசுவதற்கு முன்பே, மறையப் போகிறவற்றைப் பற்றி ஒரு பில்டர் எழுத்தில் என்ன தருகிறார் என்று பாருங்கள். தேர்வு அங்கேதான் நடக்கிறது.

கடைசி வரியில் உள்ள தொகையை மட்டும் ஒப்பிடுவது

முப்பதுக்கு நாற்பது அடி என்று மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்குகிறோம். மூன்றில் குறைந்த தொகையைப் பார்த்ததும் மனம் அதன் பக்கம் சாய்கிறது. ஆனால் அந்த மூன்றும் ஒரே கட்டடத்துக்கான விலை இல்லை. ஒருவர் கான்கிரீட் தளத்தைச் சேர்த்திருப்பார். இன்னொருவர் வெறும் கூட்டுக்கு மட்டும் விலை சொல்லியிருப்பார். தளமும், அதன் கீழ்ச் சரளையும், மேலேறும் கதவும், மழைநீர்க் காலும் உங்கள் பொறுப்பு. ஒருவர் 29 கேஜ் தகடு, மற்றொருவர் 26 கேஜ். எண் சிறிதானால் தகடு தடிமன் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. பில்டர்களை அழைப்பதற்கு முன்பே உங்கள் தேவையை ஒரு பக்கத்தில் எழுதிவிடுங்கள்: நீள அகலம், உள்ளுயரம், கதவுகளின் அளவு, தளத்தின் தடிமன், இன்சுலேஷன் வேண்டுமா, மின்சாரம் யார் இழுப்பது, நிலத்தைச் சமப்படுத்துவது யார், மிஞ்சிய பொருளை அள்ளிப் போவது யார், பெர்மிட் கட்டணம் யாருடையது. அதே தாளை எல்லோருக்கும் கொடுத்து, வரிக்கு வரி விலை கேளுங்கள். மறுப்பவர் தானாக விலகிவிடுவார். குழி தோண்டும்போது பாறையோ, நீரோ, பழைய குப்பை மண்ணோ வந்தால் கூடுதல் தொகை எப்படிக் கணக்கிடப்படும் என்பதையும் இப்போதே எழுதி வாங்குங்கள். குழிக்குள் இயந்திரம் நிற்கும்போது பேரம் பேச முடியாது.

தூணின் அடியைப் பற்றிக் கேட்காமல் விடுவது

என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான்.

குளிர் மாநிலங்களில் மண்ணில் உள்ள ஈரம் உறைந்து விரியும்போது, தன் மேல் உள்ளதை மேலே தூக்கும். தூணின் எடையைத் தாங்கும் கான்கிரீட் அடித்தளமான ஃபுட்டிங், மண் உறையும் ஆழத்துக்குக் கீழே இருந்தால்தான் கட்டடம் அசையாது. மிச்சிகனில் 42 அங்குலம் என்பது வழக்கமான அளவு. மின்னசோட்டாவின் தென்பகுதியில் 42, வடபகுதியில் 60. டெக்சாஸ் போன்ற வெப்பமான மாநிலங்களில் உறைபனி பெரிய கவலை இல்லை. அங்கே காற்றும், ஈரத்துக்கேற்ப உப்பிச் சுருங்கும் களிமண்ணும்தான் கவலை. உங்கள் ஊரின் கட்டடத் துறை அந்த இடத்துக்குரிய ஆழத்தைச் சொல்லிவிடும். அதைத் தெரிந்துகொண்டபின், "எத்தனை அங்குலம் தோண்டுவீர்கள்?" என்று பில்டரிடம் கேளுங்கள். "எப்போதும் போடுகிற ஆழம்தான்" என்ற பதில் போதாது.

ஆழம் மட்டும் தெரிந்தால் ஆகாது. தூண் எதன் மேல் உட்காருகிறது? வெறும் மண்ணிலா, ஒரு மெல்லிய கான்கிரீட் வட்டின் மேலா, எடைக்குக் கணக்கிட்டு ஊற்றிய ஃபுட்டிங்கிலா? காற்று கூரையைத் தூக்கும்போது தூண் மண்ணைவிட்டுக் கிளம்பாமல் பிடித்துக்கொள்ள அடியில் என்ன இருக்கிறது? பக்கவாட்டில் அறைந்த மரக்கட்டையா, கான்கிரீட் பட்டையா? இந்தக் கேள்விகளுக்கு ஒரு நல்ல பில்டர் சலிக்காமல் பதில் சொல்வார். பலர் படம் வரைந்தே காட்டுவார்கள்.

மரத்தின் பதப்படுத்தலும் முக்கியம். ஆர்செனிக் கலந்த பழைய பதப்படுத்தல், 2003 இறுதியோடு அமெரிக்காவில் பெரும்பாலான வீட்டு உபயோகங்களிலிருந்து விலக்கப்பட்டது. இப்போது வீடுகளுக்கு வருபவற்றில் பெரும்பாலானவை செம்பு சார்ந்தவை. பதப்படுத்திய மரம் எல்லாம் மண்ணுக்குள் போகத் தகுந்தது இல்லை. மரத்தின் முனையில் தைத்திருக்கும் சிறு சீட்டில் யூசி4பி (UC4B) என்ற வகைக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். மண்ணில் நின்று கட்டடத்தைத் தாங்கும் தூண்களுக்கான தரம் அது. வெறும் 4ஏ என்றால் கேள்வி கேளுங்கள். அளவுக்காகத் தூணை வெட்டினால் வெட்டிய முனை மேலே இருக்க வேண்டும். தொழிற்சாலையில் பதப்படுத்திய முனைதான் மண்ணுக்குள் போக வேண்டும்.

மரமே மண்ணில் படாமல், கான்கிரீட் தூணின் மேல் எஃகுத் தாங்கி வைத்துக் கட்டும் முறையும் உண்டு. நல்ல முறைதான். ஆனால் மண்ணில் புதைந்த தூண் தானாகவே பக்கவாட்டுக் காற்றை எதிர்த்து நிற்கும். பல தாங்கிகள் அந்த வேலையைச் செய்யாது, வெறும் கீல்போல இருக்கும். அப்படியானால் காற்றை வேறு எது தாங்குகிறது என்பதற்குப் பொறியாளர் வரைந்த படம் வேண்டும்.

"சீலிங் பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்று நினைப்பது

இப்போது காரை நிறுத்தினால் போதும், இரண்டு வருடம் கழித்து உள்ளே சீலிங் அடித்து, வெப்பமூட்டி வைத்து, பட்டறையாகவோ பிள்ளைகள் விளையாடும் இடமாகவோ ஆக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் பலருக்கு இருக்கும். டிரஸ்ஸின் அடிச்சட்டம் எவ்வளவு எடை தாங்கும் என்பது அதை ஆர்டர் செய்யும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. சீலிங் எடையைச் சேர்க்காமல் வடிவமைத்த டிரஸ்ஸில் பிறகு ஜிப்சம் பலகையும் இன்சுலேஷனும் தொங்கவிடுவது ஆபத்து. அதுவும் கூரைமேல் பனி கிடக்கும் ஜனவரியில். முன்பே சொன்னால் கூடுதல் செலவு சிறியது. டிரஸ் தயாரிப்பாளரின் முத்திரையிட்ட வரைபடத்தை வாங்கி, அதில் உங்கள் ஊரின் பனி எடையும் சீலிங் எடையும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று நீங்களே படியுங்கள்.

கதவின் உயரமும் அப்படித்தான். பத்தடிக் கதவு வேண்டுமென்றால், கதவு மேலேறித் திரும்ப இடம் விட்டுச் சுவர் இன்னும் உயரமாக இருக்க வேண்டும். காரைத் தூக்கும் லிஃப்ட் வைக்கும் ஆசை இருந்தால் தளத்தின் தடிமனையும் கான்கிரீட்டின் வலுவையும் ஊற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

தகட்டுக் கூரையின் அடிப்பக்கம் குளிர்ந்த இரவுகளில் வியர்க்கும். காலையில் காரின் மேல் சொட்டும். அடியில் ஈரம் உறிஞ்சும் விரிப்பு ஒட்டிய தகடா, கூரை உச்சியிலும் ஓரத்திலும் காற்றோட்டம் உண்டா, தளத்துக்குக் கீழே ஈரத்தடுப்புத் தாள் விரிப்பார்களா என்று கேளுங்கள். இவற்றைப் பற்றி நீங்கள் கேட்பதற்கு முன்பே பேசும் பில்டருக்கு நான் ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுப்பேன்.

பெர்மிட்டை உங்கள் பெயரில் எடுக்கச் சொல்லும்போது தலையாட்டுவது

"வீட்டு உரிமையாளராக நீங்களே எடுத்துவிடுங்கள், சுலபம்" என்பார் சிலர். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறவர்தான் விதிமுறைகளுக்குப் பொறுப்பேற்கிறார். உரிமமோ பதிவோ இல்லாதவர்தான் பெரும்பாலும் இப்படிக் கேட்பார். "இது விவசாயக் கட்டடம், பெர்மிட் தேவையில்லை" என்ற பேச்சையும் நம்பாதீர்கள். அந்த விலக்கு உண்மையான பண்ணைகளுக்கு. கார் நிறுத்தும் வீட்டுக் கராஜுக்கு இல்லை. பெர்மிட் இருந்தால், மண்ணை மூடுவதற்கு முன் ஆய்வாளர் வந்து குழிகளைப் பார்ப்பார். நீங்கள் கட்டணம் கட்டிப் பெறும் மிகப் பெரிய பாதுகாப்பு அது.

எல்லைக்கோட்டிலிருந்து விட வேண்டிய தூரம், உயர வரம்பு, குடியிருப்போர் சங்கம் இருந்தால் அதன் விதி ஆகியவற்றை முதலிலேயே பாருங்கள். கழிவுநீர்த் தொட்டியின் வடிகால் நிலத்தின் மேல் கட்டக் கூடாது. தோண்டுவதற்கு முன் 811 எண்ணை அழைத்தால் பொது நிறுவனங்களின் குழாய்களையும் கம்பிகளையும் இலவசமாகக் குறித்துக் கொடுப்பார்கள். வீட்டிலிருந்து தோட்டத்துக்குப் போகும் உங்கள் சொந்தக் கம்பியையும் புரொப்பேன் குழாயையும் பொதுவாகக் குறிக்க மாட்டார்கள். அவை எங்கே என்று நீங்கள் காட்ட வேண்டும்.

உரிமமும் காப்பீடும் வாய்ச்சொல்லாக இருப்பது

மிச்சிகனில் வீடு சார்ந்த கட்டட வேலைக்கு மாநில உரிமம் வேண்டும். லாரா என்று அழைக்கப்படும் மாநிலத் துறையின் இணையதளத்தில் தேடினால் தெரிந்துவிடும். ஒஹாயோ, இந்தியானா, டெக்சாஸ் மாநிலங்களில் பொதுவான வீட்டுக் கட்டுநருக்கு மாநில அளவிலான உரிமமே இல்லை. அங்கே நகரத்திலோ கவுன்டியிலோ பதிவு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். காப்பீட்டுச் சான்றிதழை பில்டரின் கையிலிருந்து வாங்காமல், அவருடைய காப்பீட்டு முகவர் உங்களுக்கு நேரடியாக அனுப்பும்படி கேளுங்கள். பொதுப் பொறுப்புக் காப்பீடும், தொழிலாளர் விபத்துக் காப்பீடும் தனித்தனி; இரண்டும் வேண்டும். கூரையிலிருந்து ஒருவர் விழுந்தால் அடுத்து வரும் கேள்வி, நிலம் யாருடையது என்பதுதான். மத்திய மேற்கிலும் பென்சில்வேனியாவிலும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தின் குழுக்கள் நிறையக் கட்டுகின்றன. அவர்களுடைய உழைப்பின் நேர்த்தி பலரும் அறிந்தது. ஆனாலும் குழு எதுவானாலும் ஒப்பந்தம் யார் பெயரில், காப்பீடு யாருடையது என்று கேட்டே ஆக வேண்டும்.

பணத்தை முன்னால் ஓடவிடுவது

பாதித் தொகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களின் வருத்தம் எனக்குத் தெரியும். மேரிலாந்தில் வீட்டு மேம்பாட்டு வேலைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்கச் சட்டம் விடுவதில்லை. கலிஃபோர்னியாவில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதுதான் வரம்பு. உங்கள் மாநிலத்தில் வரம்பு இல்லாவிட்டாலும் பணத்தைப் படிகளாகப் பிரியுங்கள்: ஒப்பந்தத்தின்போது சிறு தொகை, பொருள் உங்கள் நிலத்தில் இறங்கியதும் ஒரு தொகை, கூரை முடிந்ததும் ஒரு தொகை, இறுதி ஆய்வு முடிந்து குறைகள் சரிசெய்யப்பட்ட பிறகே கடைசித் தொகை.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று, 'லீன்' என்ற பற்றுரிமை. நீங்கள் பில்டருக்கு முழுப் பணத்தையும் கொடுத்திருக்கலாம். அவர் மரக்கடைக்கோ கான்கிரீட்காரருக்கோ பாக்கி வைத்திருந்தால், அவர்கள் உங்கள் வீட்டின் மீது உரிமை கோரிப் பதிவு செய்ய முடியும். வீட்டை விற்கும்போதோ கடனை மாற்றும்போதோ அது குறுக்கே வந்து நிற்கும். ஆகவே ஒவ்வொரு தவணை கொடுக்கும்போதும், அதுவரை பணம் பெற்ற துணை ஒப்பந்தக்காரர்களும் பொருள் கொடுத்தவர்களும் பற்றுரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். நேர்மையான பில்டர் இதைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார். அவருக்கு இது அன்றாட வேலை.

உங்கள் வீட்டுக்கே வந்து பேசிக் கையெழுத்து வாங்கியிருந்தால், பெரும்பாலான ஒப்பந்தங்களை மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்யும் உரிமையை மத்திய விதி தருகிறது. "இன்று கையெழுத்திட்டால் இந்த விலை" என்பவர் வந்தால் இது நினைவில் இருக்கட்டும்.

புதிதாக முடித்த கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவது

போன மாதம் கட்டியது எல்லாம் அழகாகத்தான் இருக்கும். ஐந்தாறு குளிர்காலங்களைக் கண்ட ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். கூரை உச்சி நேர்கோடாக இருக்கிறதா, திருகாணி வரிசை வளையாமல் போகிறதா, அவற்றின் ரப்பர் வளையங்கள் நசுங்கிப் பிதுங்கியிருக்கின்றனவா, தரையோரப் பலகைக்கு அருகே தகடு துருப்பிடித்திருக்கிறதா, கதவு உரசாமல் ஏறுகிறதா என்று பாருங்கள். பிறகு உரிமையாளரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஏதாவது கோளாறு வந்தபோது அழைத்தால் வந்தாரா?

'நாற்பது வருட உத்தரவாதம்' என்பது அநேகமாகத் தகடு தயாரிப்பாளர் வண்ணப்பூச்சுக்குத் தருவது. தவறாக அடித்த திருகாணி வழியே ஒழுகினால் அது உதவாது. வேலைக்குத் தன் பங்கில் எத்தனை வருடம் பொறுப்பேற்கிறார் என்று பில்டர் தனியே எழுதித் தர வேண்டும்.

கோடையில் கட்ட வேண்டுமென்றால் தேடலைக் குளிர்காலத்திலேயே தொடங்குவது நல்லது. நல்ல பில்டர்களின் நாட்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். பெர்மிட்டுக்கும் டிரஸ் வருவதற்கும் காலம் பிடிக்கும். மிச்சிகனில் பனி உருகும் வசந்தத்தில் பல கிராமச் சாலைகளில் கனரக வாகனங்களுக்கு எடைக் கட்டுப்பாடு விதிப்பார்கள். மரம் ஏற்றிய லாரியும் கான்கிரீட் லாரியும் அப்போது முழுச் சுமையோடு வர முடியாது. உங்கள் சாலைக்கு அந்தக் கட்டுப்பாடு உண்டா என்று கவுன்டி சாலைத் துறையிடம் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் தேதியை ஒப்பந்தத்தில் தொடக்க நாளாக எழுதச் சொல்லுங்கள்.