சங்ககிரிக் கோட்டையில் முன்ஜென்மம் தேடுபவர்களுக்கு

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் ஈரோடு பஸ் பிடித்துச் சங்ககிரியில் இறங்குங்கள். கோட்டை மலைமேல் இருக்கிறது, காலை ஆறரைக்கே அடிவாரத்தில் இருக்க வேண்டும். ஒன்பதுக்கு ஏறத் தொடங்கினால் பாதி வழியிலேயே பாறை சூடேறி, தண்ணீரும் தீர்ந்துவிடும். ஆளுக்கு 3 லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், சுனையை நம்ப வேண்டாம். தூறல் விழுந்த மறுநாள் போகாதீர்கள். பாசி பிடித்த படி வழுக்கும். கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் குரங்கு பறிக்கும். சென்ட் அடித்துப் போனால் மலைத்தேனீ துரத்தலாம்.

முன்ஜென்மம் என்றதும் எல்லோருக்கும் ராஜா வேஷம்தான் வருகிறது. அதை விடுங்கள், கோட்டை வாசல் காவல்காரனாக இருந்து பாருங்கள். வாசற்படியின் இரு ஓரத்திலும் குனிந்து தேடினால் கதவின் குடுமி, அதாவது கதவு திரும்பும் முளை, சுழன்ற குழி கிடைக்கும். விரலால் தடவுங்கள். உட்புறம் வழவழவென்று இருந்தால், அது உளி வேலை இல்லை, கதவு தேய்த்த தேய்மானம். பக்கச் சுவர்களில் எதிரெதிரே துளை இருந்தால் அது கதவுக்குக் குறுக்கே தாழ்ப்பாளாகக் கணையமரம் செருகிய இடம். துளையின் அகலத்தைச் சாணால் அளந்துவிட்டு, அவ்வளவு கனமான மரத்தை அந்தி சாய்ந்ததும் எத்தனை பேர் தூக்கியிருப்பார்கள் என்று யோசியுங்கள்.

அடுத்து தண்ணீர் சுமந்தவள். உங்கள் தண்ணீர்ப் பையை ஒரே கையில் தூக்கி, அடுத்த வாசல்வரை ஏறுங்கள். கை மாற்றிய இடங்களை எண்ணுங்கள். அவள் குடத்தை இறக்கி வைத்திருக்கக்கூடிய இடங்கள் அவை.

வாசலுக்குள் நுழைந்ததும் பிடரி சில்லிடும். பேய் இல்லை. இரவுக் குளிர்ச்சி கல்லில் தங்கியிருக்கும், குறுகிய வழியில் காற்று வேகமெடுக்கும், உங்கள் முதுகிலோ வியர்வை. இருட்டு அறையில் படபடப்பும் நெடியும் வந்தால் வௌவால். டார்ச் அடித்துக் கிளப்பாதீர்கள். இடிந்த கல் இடுக்கில் கையை விடாதீர்கள், பாம்பு இருக்கலாம்.

ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலையை அவர்கள் தூக்கிலிட்டது இந்தக் கோட்டையில்தான், 1805 ஜூலை 31 அன்று. ஊர் அவருக்கு மாலை போடுகிறது, அங்கே பேய் விளையாட்டு வேண்டாம். அவரை நினைவுகூரும் ஆடிப்பெருக்கன்று கூட்டமிருக்கும், தனிமை வேண்டுமென்றால் வேறு நாள் பாருங்கள்.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் இது. கல்லில் பெயர் கிறுக்காதீர்கள், செங்கல் துண்டுகூட எடுக்காதீர்கள். நாலு மணிக்கு இறங்கத் தொடங்குங்கள்; இறக்கத்தில்தான் முட்டி நடுங்கும், இருட்டில் படி தவறும்.