மைதானக் கேலரிக்குக் கூரை போடுவதற்கு முன்

மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் நான் முதன்முதலாகப் போட்ட கேலரிக் கூரை, ஒரு சித்திரை மாதச் சாயங்காலம் பறந்துபோனது. நல்லவேளை, பள்ளிக்கு லீவு. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஷீட்டில் ஒரு ஸ்க்ரூகூடக் கழன்றிருக்கவில்லை. ஷீட்டும், அதைத் தாங்கிய பர்லின் என்கிற குறுக்குக் கம்பியும் சேர்ந்தே போய்ப் பக்கத்து வயலில் கிடந்தன. பர்லின், டிரஸ் என்கிற முக்கோணச் சட்டத்தில் உட்காரும் இடத்தில் பொட்டு வைத்த மாதிரி வெல்டிங். என் பட்டறையில், என் கண்முன்னால் வைத்தது. இன்றைக்கும் மேகம் கறுத்தால் அந்த வயல்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் ஏறுதழுவுதல் அரங்கம் 2024இல் திறந்ததிலிருந்து, எங்கள் ஊர் மைதானத்துக்கும் சின்னதாக ஒரு கேலரி வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. கூரை கீழே விழாமல் இருக்க எல்லோரும் கணக்குப் போடுகிறோம். மேலே கிளம்பாமல் இருக்கவும் போட வேண்டும். காற்றுச் சுமைக்கு நம் நாட்டு விதி ஐஎஸ் 875, மூன்றாம் பகுதி. அதில் மதுரைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். சென்னைக்கு 50 மீட்டர். 39ஐ 39ஆல் பெருக்கி, அதை 0.6ஆல் பெருக்குங்கள். காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 910 நியூட்டன் என்று வரும். நம் பேச்சில் 93 கிலோ.

முன்பக்கம் மட்டும் திறந்து, மற்ற மூன்று பக்கமும் சுவர் வைத்த கேலரியில் புகுந்த காற்றுக்கு வெளியேற வழி கிடையாது. அது கூரையை அடியிலிருந்து தூக்கும். மேலே ஓடுகிற காற்று அதே நேரத்தில் கூரையை உறிஞ்சும். இரண்டும் சேர்ந்தால் 93 கிலோ ஒன்றரை மடங்காகி 140 கிலோவைத் தொடும். 60 அடிக்கு 20 அடி கூரை என்றால் 111 சதுர மீட்டர். மொத்தம் 15 டன்னுக்கு மேல் தூக்கும். ஷீட், பர்லின், டிரஸ் எல்லாம் சேர்ந்தாலும் எடை 3 டன் இருக்கலாம். மீதி 12 டன்னை அஸ்திவாரம்தான் பிடித்துவைக்க வேண்டும். 10 தூண் நட்டால் தூணுக்கு 1,200 கிலோ. வழக்கமாகத் தோண்டுகிற, நீளம் அகலம் ஆழம் மூன்றும் 2 அடி உள்ள குழியில் ஊற்றும் கான்கிரீட் 550 கிலோகூட இருக்காது. அதனால் குழியை ஆழமாக எடுங்கள், அடியில் அகலமாகப் போடுங்கள்; மேலே மூடுகிற மண்ணும் எடையாக உட்காரும். திருமங்கலம் பக்கம் கரிசல் மண் என்றால் அது வேறு கதை, மண்ணைச் சோதிக்காமல் கைவைக்காதீர்கள். நான் சொன்னது முதல் கணக்குதான். இதற்கு மேல் பாதுகாப்புக்கும் சேர்த்துப் போட்டு, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்திட்ட வரைபடம் வேண்டும்.

பின்சுவரைக் கூரை வரைக்கும் ஏற்றாதீர்கள். மேலே 3 அடியாவது திறந்து விட்டால் உள்ளே வந்த காற்று பின்னால் போய்விடும், தூக்கல் நன்றாகக் குறையும். உட்கார்ந்திருப்பவர்களுக்கும் வெக்கை தெரியாது. சேப்பாக்கத்தில் 2011 உலகக் கோப்பைக்காகக் கட்டிய ஸ்டாண்டுகளுக்கு நடுவில் கடற்காற்று வரட்டும் என்றே இடைவெளி விட்டிருக்கிறார்கள்.

அப்புறம் பிடிமானம். ஷீட்டிலிருந்து ஸ்க்ரூ, பர்லின், டிரஸ், தூண், தூணின் அடியில் இருக்கிற பேஸ் பிளேட் தகடு, அதைக் கான்கிரீட்டோடு பிடிக்கிற ஆங்கர் போல்ட், கான்கிரீட் என்று விசை வரிசையாக இறங்குகிறது. இதில் எது இளைத்ததோ அங்கே அறும். ஒவ்வொரு இணைப்பையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் இப்போதெல்லாம் ஷீட் ஏற்றச் சொல்கிறேன். உறிஞ்சல் அதிகம் கூரையின் ஓரத்திலும் மூலையிலும்தான். கூரையின் நடுவில் ஷீட் நெளிவின் ஒரு மேடு விட்டு ஒரு மேட்டில் ஸ்க்ரூ அடித்தாலும், ஓரங்களில் எல்லா மேட்டிலும் அடியுங்கள்.

திசையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சாயங்கால வெயில் முகத்தில் அடிக்காமல் இருக்கக் கேலரியை மேற்கே வைப்பது சரிதான். ஆடிக்காற்று அப்போது முதுகுப்பக்கம் வரும், விடாமல் வீசும். எனக்குப் பயம் சித்திரை, வைகாசிக் கோடைமழைக்கு முன்னால் வருகிற சூறைக்காற்றுதான். பத்தே நிமிடம், எந்தத் திசையிலிருந்தும் வரும். எல்லாத் திசைக்கும் கணக்குப் பாருங்கள்.

கூரையில் பிளெக்ஸ் கட்ட விடவே விடாதீர்கள். 2023 உலகக் கோப்பையில் லக்னோ ஏகானா மைதானத்தில், ஆட்டம் நடக்கும்போதே காற்றில் விளம்பரப் பலகைகள் பார்வையாளர் பகுதியில் விழுந்தன. அவ்வளவு பெரிய மைதானத்திலேயே அப்படி.

பெரிய ஸ்டேடியம் என்றால் புத்தகக் கணக்கு போதாது. சின்ன மாதிரி செய்து, காற்றுச் சுரங்கத்தில் வைத்து, ஒவ்வொரு திசைக்கும் திருப்பி அழுத்தத்தை அளப்பார்கள். சென்னை தரமணியில் எஸ்இஆர்சி என்கிற கட்டமைப்புப் பொறியியல் ஆய்வகத்தில் அந்த வசதி இருக்கிறது.

கட்டி முடித்த பிறகு, வருடா வருடம் பங்குனியில் ஒருவரை மேலே ஏற்றுங்கள். ரப்பர் வாஷர் வெடித்திருக்கிறதா, ஸ்க்ரூ ஓட்டை பெரிதாகியிருக்கிறதா, தூணின் அடியில் துரு ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காற்று வீசும்போது ஷீட் படபடவென்று அடிக்கிற சத்தம் வாட்ச்மேனுக்குக் கேட்டால், மறுநாள் காலையிலேயே கேலரியைப் பூட்டிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.