அவுட்லுக் காலண்டரில் தமிழ்நாட்டு விடுமுறைகள்: பட்டியலை நாமே எழுதிச் சேர்ப்பது எப்படி?

அவுட்லுக்கில் ‘இந்தியா’ என்று டிக் செய்து விடுமுறைகளைச் சேர்த்தால் ஹோலி வரும், குருநானக் ஜெயந்தி வரும். இரண்டுக்கும் தமிழ்நாட்டில் அரசு விடுமுறை கிடையாது. உழவர் திருநாளையும் தைப்பூசத்தையும் அந்தப் பட்டியலை நம்பித் திட்டமிட முடியாது. நாடு முழுவதற்கும் பொதுவாகப் போட்ட பட்டியல் அது. மாநில அரசின் அரசாணைப்படி போட்டதல்ல.

ஒவ்வொரு நாளையும் கையால் உள்ளிட்டு ‘ஆண்டுதோறும்’ என்று போட்டுவிடலாமே என்று தோன்றும். ஆகஸ்ட் 15-க்கு அது சரி. பொங்கல் 2025-ல் ஜனவரி 14, 2026-ல் ஜனவரி 15. தீபாவளி 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20, 2026-ல் நவம்பர் 8. இவற்றை ஆண்டுதோறும் என்று போட்டால் அடுத்த வருடமே காலண்டர் தப்பாகிவிடும். ஆண்டுக்கு ஒரு சின்னக் கோப்பு எழுதி உள்ளே விடுவதுதான் சுலபம். அலுவலகத்தில் மற்றவர்களுக்கும் அதே கோப்பைக் கொடுத்துவிடலாம்.

இங்கே சொல்வது விண்டோஸில் ஓடும் பழைய அவுட்லுக்குக்கு, அதாவது ‘கிளாசிக்’ பதிப்புக்கு. புதிய அவுட்லுக்கில் இந்த வழி கிடையாது. அதற்கு என்ன செய்வதென்று கடைசியில் இருக்கிறது.

மூலக் கோப்பைத் தொடாதீர்கள்

அவுட்லுக்கின் விடுமுறைகள் எல்லாம் ‘அவுட்லுக்’ என்ற பெயரும் ஹெச்-ஓ-எல் என்ற மூன்றெழுத்து நீட்சியும் (பெயரில் புள்ளிக்குப் பின் வரும் பகுதி) கொண்ட ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் இருக்கின்றன. ஆங்கில ஆபீஸ் என்றால் பெரும்பாலும் சி டிரைவ் → புரோகிராம் ஃபைல்ஸ் → மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் → ரூட் → ஆபீஸ்16 → 1033 என்ற ஃபோல்டரில் கிடைக்கும். நோட்பேடில் திறந்து அமைப்பைப் பாருங்கள், அதோடு மூடிவிடுங்கள். பல வழிகாட்டிகள் இதையே திருத்தச் சொல்கின்றன, வேண்டாம். அட்மின் அனுமதி இல்லாமல் சேமிக்கவே விடாது. சேமித்தாலும் ஆபீஸ் அப்டேட் ஒன்று வந்து அழித்துவிட்டுப் போக வாய்ப்புண்டு. டாக்குமென்ட்ஸில் நமக்கென்று தனிக் கோப்பு போதும்.

கோப்பை எழுதுவது

நோட்பேடைத் திறந்து இப்படி எழுதுங்கள். மாதிரிக்குச் சில நாட்கள் மட்டும் கொடுத்திருக்கிறேன். மீதியை அரசாணையைப் பார்த்து நிரப்பிக்கொள்ளுங்கள்.

[தமிழ்நாடு 2026] 8
பொங்கல்,2026/1/15
திருவள்ளுவர் தினம்,2026/1/16
உழவர் திருநாள்,2026/1/17
குடியரசு தினம்,2026/1/26
தைப்பூசம்,2026/2/1
புனித வெள்ளி,2026/4/3
தமிழ்ப் புத்தாண்டு - அம்பேத்கர் பிறந்தநாள்,2026/4/14
தீபாவளி,2026/11/8

[வங்கி 2026] 1
ஆண்டுக் கணக்கு முடிப்பு,2026/4/1

சதுர அடைப்புக்குள் இருப்பது பட்டியலின் பெயர். அடைப்பை மூடிய பிறகு ஓர் இடைவெளி, பிறகு எண். அந்த எண், கீழே எத்தனை வரிகள் இருக்கின்றன என்பது. எட்டு வரி இருக்க 7 என்று போட்டால் தீபாவளி காணாமல் போகும், காரணமும் புரியாது. விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை: கடைசி விடுமுறை வரியில் கர்சரை வையுங்கள், நோட்பேடின் அடியில் வரி எண் தெரியும், அதில் ஒன்றைக் கழித்தால் முதல் பட்டியலின் கணக்கு.

தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், சாய்கோடு போட்டு. நம் வழக்கப்படி நாளை முன்னால் போடக் கூடாது. கமாவுக்குப் பின் இடைவெளி விடாதீர்கள். விடுமுறையின் பெயருக்குள் கமா வரவே கூடாது. முதல் கமாவுக்கு அடுத்து வருவது தேதி என்றுதான் அவுட்லுக் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் ஏப்ரல் 14 வரியில் சிறு கோடு போட்டிருக்கிறேன். ஒரே நாளில் இரண்டு வந்தால் இரண்டு வரியாகவே எழுதலாம். 2025 அக்டோபர் 2-ல் விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் சேர்ந்து வந்தன; அது இரண்டு வரி, கணக்கிலும் இரண்டு.

வங்கிக்குத் தனிப் பட்டியல் ஏன்? ஏப்ரல் 1 அரசாணையில் இருந்தாலும் அது வணிக வங்கிகளுக்கும் கூட்டுறவு வங்கிகளுக்கும் மட்டுமே. அரசு அலுவலகமோ பள்ளியோ அன்று விடுமுறை இல்லை. தனித் தலைப்பாக இருந்தால் சேர்க்கும்போது டிக் எடுத்துவிடலாம். ஆர்.எல். எடுப்பவர்கள் வரையறுக்கப்பட்ட விடுப்பு நாட்களுக்கும் இப்படியே மூன்றாவது தலைப்பு ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

பட்டியலின் பெயரில் ஆண்டைக் கட்டாயம் சேருங்கள். வெறும் ‘தமிழ்நாடு’ என்று வைத்தால், அடுத்த ஆண்டுக் கோப்பைச் சேர்க்கும்போது ‘இது ஏற்கெனவே இருக்கிறது, மறுபடி சேர்க்கவா’ என்று கேட்டு உங்களைக் குழப்பும். தவிர, இந்தப் பெயர்தான் ஒவ்வொரு விடுமுறையின் ‘லொகேஷன்’ பெட்டியிலும் உட்காரும். பின்னால் அழிக்க நேர்ந்தால் அதுதான் கைப்பிடி.

சேமிப்பது: பெரும்பாலோர் விழும் இடம்

ஃபைல் → சேவ் ஆஸ். கோப்புக்கு ஒரு பெயர் கொடுத்து, கடைசியில் புள்ளி வைத்து ஹெச்-ஓ-எல் நீட்சியைப் போடுங்கள். இங்கே பார்க்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, ‘சேவ் ஆஸ் டைப்’ என்பதை ‘ஆல் ஃபைல்ஸ்’ ஆக்குங்கள். இல்லையென்றால் ஹெச்-ஓ-எல் நீட்சிக்குப் பின்னால் டெக்ஸ்ட் நீட்சியும் ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் நீட்சிகளை மறைத்தே காட்டுவதால் கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்ப்ளோரரில் நீட்சிகள் தெரியும்படி ஒருமுறை மாற்றி வைத்துவிடுவது எப்போதுமே நல்லது.

இரண்டாவது, ‘என்கோடிங்’, அதாவது எழுத்துகளைக் கோப்பில் பதியும் முறை. விண்டோஸ் 10-ன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேடின் இயல்பு யூடிஎஃப்-8. இணையத்துக்கு அது சரியான தேர்வு, இந்தக் கோப்புக்கு அல்ல. கோப்பை யூனிகோட் என்று அவுட்லுக் உணர யூடிஎஃப்-16 எல்இ ஆகச் சேமிக்க வேண்டும். பழைய நோட்பேடில் இதற்குப் பெயர் வெறும் ‘யூனிகோட்’. பழைய வழிகாட்டிகளில் ‘யூனிகோட் என்று சேமி’ என்று படித்தவர்கள், யூடிஎஃப்-8-ம் யூனிகோட்தானே என்று விட்டுவிடுவதுதான் சிக்கலின் மூலம்.

யூடிஎஃப்-8 என்றே விட்டால் என்ன ஆகும்? ‘பொங்கல்’ என்ற சொல்லில் ப, ொ, ங, புள்ளி, க, ல, புள்ளி என ஏழு குறியீடுகள். யூடிஎஃப்-8-ல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 21 பைட். அவற்றை அவுட்லுக் தனித்தனி எழுத்தாகப் படித்தால், ஜனவரி 15-ல் பொங்கலுக்குப் பதில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளின் நீண்ட வரிசை நிற்கும். தமிழ் எழுத்துகளைத் தாங்காத பழைய ‘அன்சி’ முறையில் சேமித்தால் இன்னும் மோசம், எல்லாம் கேள்விக்குறி. முதல் வகையில் கோப்பைத் திறந்து மறுபடி சேமித்தால் போதும். இரண்டாவதில் எழுத்தே போய்விட்டது, திரும்ப அடிக்க வேண்டியதுதான்.

வேர்டில் எழுதாதீர்கள், மேற்கோள் குறிகளையும் கோடுகளையும் தன்னிஷ்டத்துக்கு மாற்றிவிடும். நோட்பேட்++ பயன்படுத்துபவர்கள் ‘யூடிஎஃப்-16 எல்இ’ என்பதையே என்கோடிங் மெனுவில் தேர்ந்தெடுக்கவும்.

எக்ஸெலில் தேதிகளை வைத்திருப்பவர்கள் ‘டெக்ஸ்ட்’ ஃபங்ஷனால் வரிகளை உருவாக்கப் பார்ப்பார்கள். அங்கே ஒரு குழி உண்டு. ஃபார்மேட்டில் நீங்கள் போடும் சாய்கோட்டை எக்ஸெல் ‘இந்தக் கணினியின் தேதிப் பிரிப்பான்’ என்று புரிந்துகொள்ளும். விண்டோஸில் ஆங்கிலம்-இந்தியா அமைப்பு இருந்தால் பிரிப்பான் சிறு கோடு. வரிகள் 2026-1-15 என்று வந்து நிற்கும். இயர், மன்த், டே என்ற மூன்று ஃபங்ஷன்களையும் தனித்தனியாக எடுத்து, நடுவே சாய்கோட்டை எழுத்தாக ஒட்டுங்கள்.

உள்ளே விடுவதற்கு முன்

கணினியின் நேர மண்டலத்தைப் பாருங்கள். (யூடிசி+05:30) சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லி என்று இருக்க வேண்டும். புது லேப்டாப்பில் அமெரிக்க நேரமே விட்டுப்போயிருப்பது சாதாரணம். முழுநாள் நிகழ்வையும் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்றுதான் அவுட்லுக் குறித்துக்கொள்கிறது. விடுமுறைகளைச் சேர்த்துவிட்டுப் பிறகு நேரத்தை மாற்றினால் தீபாவளி இரண்டு நாட்களில் பரவி நிற்கும். அப்படி ஆகிவிட்டால் அழித்துவிட்டுத் திரும்பச் சேர்ப்பதைத் தவிரச் சுருக்குவழி தேட வேண்டாம்.

முன்பே ‘இந்தியா’ பட்டியல் ஏறியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். காலண்டரில் வியூ → சேஞ்ச் வியூ → லிஸ்ட். ‘லொகேஷன்’ என்ற தலைப்பைக் கிளிக் செய்தால் அந்தப் பெயர் உள்ளவை ஒன்றாகச் சேரும். முதலாவதைத் தொட்டு, ஷிஃப்ட்டை அழுத்தியபடி கடைசியைத் தொட்டு, டிலீட். உங்கள் சொந்தச் சந்திப்புகள் நடுவில் மாட்டியிருக்கிறதா என்று அழிக்கும் முன் ஒருமுறை பாருங்கள்.

சேர்ப்பது

கோப்பை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். தமிழ்நாடு 2026, வங்கி 2026 என்று இரண்டு டிக் பெட்டிகள் வரும். வேண்டியதைத் தேர்ந்து ஓகே. அவ்வளவுதான். ஆப்ஷன்ஸில் உள்ள ‘ஆட் ஹாலிடேஸ்’ பொத்தான் மூலக் கோப்பை மட்டுமே படிக்கும். உங்கள் பட்டியல் அங்கே இல்லையே என்று தேடாதீர்கள்.

இரட்டைக் கிளிக்கில் எதுவும் நடக்காவிட்டால் விண்டோஸ் கீ + ஆர் அழுத்தி, அவுட்லுக் நிரலின் பெயர், இடைவெளி, சாய்கோட்டோடு ஹெச்-ஓ-எல், இடைவெளி, இரட்டை மேற்கோளுக்குள் கோப்பின் முழு முகவரி என்று கொடுங்கள்.

கோப்பில் பிழை என்று வந்தால் எந்த வரி என்று சொல்லாது. பாதி வரிகளை வெட்டித் தனியே வைத்து, எண்ணையும் மாற்றிச் சேர்த்துப் பாருங்கள். நாலைந்து முறையில் குற்றவாளி சிக்கும். பெரும்பாலும் பெயருக்குள் ஒளிந்த கமாவாகத்தான் இருக்கும்.

பிற்சேர்க்கை: அடிக்கடி வரும் சிக்கல்கள்

*போனில் தெரியவில்லை.* விடுமுறைகள் இயல்புக் காலண்டரில்தான் ஏறும். ஐமேப் முறையில் ஜிமெயில் இணைத்தவர்களுக்கு அந்தக் காலண்டரின் பக்கத்திலேயே ‘திஸ் கம்ப்யூட்டர் ஒன்லி’ என்று எழுதியிருக்கும். அது கணினியை விட்டு வெளியே போகாது. எக்ஸ்சேஞ்ச் அல்லது அவுட்லுக் டாட்காம் கணக்கை இயல்பாக்கிய பிறகு சேருங்கள்.

*விடுமுறையன்றும் மீட்டிங் அழைப்பு வருகிறது.* சேரும் நாட்கள் ‘ஃப்ரீ’ என்றே பதிவாகும். மற்றவர்கள் பார்வையில் அன்று நீங்கள் சும்மா இருக்கிறீர்கள். நிகழ்வைத் திறந்து ‘ஷோ ஆஸ்’ என்பதை ‘அவுட் ஆஃப் ஆபீஸ்’ ஆக்கவும்.

*தேதி மாறிவிட்டது.* ரம்ஜான், பக்ரீத், மொகரம், மிலாடி நபி நாட்கள் பிறையைப் பொறுத்து, தலைமை காஜியின் அறிவிப்புக்குப் பின் மாறக்கூடும். கோப்பை மறுபடி ஏற்ற வேண்டாம். காலண்டரில் அந்தப் பட்டையை அடுத்த நாளுக்கு இழுத்து விட்டால் முடிந்தது.

*இடையில் அறிவிக்கும் விடுமுறை.* 2024-ல் தீபாவளி வியாழன். மறுநாள் நவம்பர் 1-ஐயும் அரசு விடுமுறையாக்கி, ஈடாக நவம்பர் 9 சனிக்கிழமையைப் பணிநாளாக்கியது. இப்படி வந்தால் ‘தமிழ்நாடு 2024 கூடுதல்’ என்று ஒரு வரிக் கோப்பு போதும். ஈடுசெய்யும் பணிநாளை மட்டும் இதில் போடாதீர்கள். அதற்கும் ‘ஹாலிடே’ வகையும் நிறமும் ஒட்டிக்கொள்ளும். சாதாரண நிகழ்வாகக் கையால் போடுங்கள்.

*புதிய அவுட்லுக் வைத்திருக்கிறேன்.* அது ஹெச்-ஓ-எல் கோப்பைப் படிக்காது. ‘ஆட் காலண்டர்’ → ‘அப்லோட் ஃப்ரம் ஃபைல்’ வழியாக ஐசிஎஸ் என்ற பொதுவான காலண்டர் கோப்பைத்தான் ஏற்கும். ஐசிஎஸ்ஸைக் கையால் எழுதுவதை விட, கிளாசிக் அவுட்லுக் உள்ள ஒரு கணினியில் தனிக் காலண்டர் ஒன்று திறந்து, விடுமுறைகளை அதற்கு நகர்த்தி, ஃபைல் → சேவ் காலண்டர் கொடுத்து எடுப்பது வேகம். அப்போது தேதி வரம்பை முழு ஆண்டுக்கும், விவர அளவை ‘ஃபுல் டீட்டெயில்ஸ்’ என்றும் மாற்ற மறக்காதீர்கள்; இல்லாவிட்டால் கோப்பில் விடுமுறையின் பெயரே இருக்காமல் போகலாம்.